பின்னிணைப்பு நான்கு: மட்டக்களப்பிலிருந்து ஒரு கலாநிதி ஆய்வு அச்சேறிய விதம்

ஆய்வேட்டின் கடைசியில், உசாத்துணைப் பட்டியலையும் தாண்டி, "பின்னிணைப்பு 4" என்று எட்டுப் பக்கங்கள் இருந்தன. பாதி வழியில் கைவிட்ட முதல் வினாக்கொத்தும், அதை ஏன் கைவிட வேண்டி வந்தது என்ற குறிப்பும்தான் அதில் இருந்தவை. வாய்மொழித் தேர்வில் யாரும் அந்தப் பக்கங்களைப் புரட்டவில்லை. ஆய்வாளரே அவற்றை ஒரு தோல்வியின் பதிவாக நினைத்துத்தான் சேர்த்திருந்தார். கடைசியில் சர்வதேச ஆய்விதழ் ஒன்றில் அச்சேறியது அந்த எட்டுப் பக்கத்திலிருந்து வளர்ந்த கட்டுரைதான். முந்நூறு பக்க ஆய்வேட்டின் வேறு எந்த அத்தியாயமும் கட்டுரையாக மாறவில்லை.

இது எப்படி நடந்தது என்பதை எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது. வந்தாறுமூலையிலும் ஒலுவிலிலும் உள்ள பல்கலைக்கழகங்களில் கலாநிதிப் பட்டத்தை முடித்துவிட்டு, ஆய்வேடு நூலக அலுமாரியில் இருக்க, "பேப்பர் எப்ப வரும்?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் இருக்கிற பலரை எனக்குத் தெரியும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்று, ஆய்வாளரின் சம்மதத்தோடு, பெயர் சொல்லாமல் எழுதுகிறேன். நான் அவருடைய மேற்பார்வையாளர் இல்லை. அதே துறையில் சில வருடம் முன்னே போனவள் என்ற முறையில் எல்லா வரைவுகளையும் படித்தேன்.

ஆய்வு எதைப் பற்றியது

தலைப்பு நகரப் புத்தாக்கமும் பிரதேச அபிவிருத்தியும். களம் மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வரைக்குமான கரையோரம். சுமார் 40 கிலோமீற்றர் தூரம். காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, மருதமுனை என்று ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கும். பஸ்ஸில் போகிறவருக்கு எங்கே ஒரு ஊர் முடிந்து அடுத்தது தொடங்குகிறது என்பது கடைப் பலகையைப் பார்த்தால்தான் தெரியும். ஒரு பக்கம் கடல், பெரும்பாலான இடங்களில் மறுபக்கம் வாவி. இப்படிப்பட்ட சிறு நகரங்களில் புதியவை எப்படிப் பிறக்கின்றன, அவை பிரதேசத்தின் வருமானத்தோடு எப்படிச் சேருகின்றன என்பதுதான் கேள்வி.

கிழக்கில் அபிவிருத்தி என்றால் மேலிருந்து இறங்குகிற பெரிய வேலை என்றே பழகிவிட்டோம். 1949இல் அமெரிக்காவின் டென்னசிப் பள்ளத்தாக்கு அதிகாரசபையைப் பார்த்து உருவாக்கிய கல்லோயா அபிவிருத்திச் சபை, வாழைச்சேனைக் காகித ஆலை, 2013இல் திறந்து பிறகு மணல் அடைத்துக்கொண்ட ஒலுவில் துறைமுகம். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க இவைதான். நல்ல அத்தியாயம். ஆனால் இவற்றைப் பற்றி ஏற்கெனவே நிறைய எழுதியிருக்கிறார்கள்.

கோட்பாட்டுப் பக்கம் அவர் பிடித்துக்கொண்டது டோட்லிங், ட்ரிப்ல் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் முன்வைத்த பகுப்பை. எல்லாப் பிரதேசத்துக்கும் ஒரே புத்தாக்கக் கொள்கை பொருந்தாது என்பது அவர்கள் வாதம். பிரச்சினை மூன்று வகைப் பிரதேசங்களில் மூன்று விதமாக இருக்கிறது என்றார்கள். பழைய தொழில் பிரதேசங்கள் பழகிய தடத்திலேயே சிக்கிக்கொள்கின்றன. பெருநகரங்களில் எல்லாம் இருந்தும் ஒன்றோடு ஒன்று சேராமல் சிதறிக் கிடக்கின்றன. விளிம்புப் பிரதேசங்களில் கம்பனிகளும் ஆய்வு நிலையங்களும் ஆதரவு அமைப்புகளும் மிகக் குறைவு. இந்த மூன்றாவதை அவர் "நிறுவன மெலிவு" என்று தமிழில் எழுதினார். நல்ல சொல்லாக எனக்குப் பட்டது. எங்கள் கரையோரமும் மெலிந்த பிரதேசம்தான் என்று ஆய்வேடு முடிந்தது.

புத்தகமாக்கித் தருகிறோம் என்றவர்கள்

2019 கடைசியில் பட்டம் உறுதியானது. ஆய்வேடு பல்கலைக்கழக இணையக் களஞ்சியத்தில் ஏறிச் சில வாரத்திலேயே மின்னஞ்சல் வந்தது. "உங்கள் ஆய்வேட்டின் பெறுமதியை உணர்ந்தோம், ஒரு சதமும் வாங்காமல் நூலாக வெளியிடுகிறோம், ஆசிரியருக்கு உரிமப் பணமும் உண்டு." ஐந்து வருட உழைப்புக்கு முதல்முதலாக வெளியிலிருந்து வந்த நல்ல வார்த்தை அது. ஒப்பந்தத்தைத் திறந்து வைத்துக்கொண்டு எனக்கு அழைத்தார்.

"மிஸ், சைன் பண்ணட்டா?"

மூன்று விஷயத்தை மட்டும் எழுதிக் கேட்கச் சொன்னேன். இதை எந்தத் துறை ஆய்வாளர் படித்து மதிப்பிடுவார்? யார் திருத்துவார்? நாளைக்கு ஒரு அத்தியாயத்தைக் கட்டுரையாக்கினால் பதிப்புரிமை இடம் தருமா? முதல் இரண்டுக்கும் பதில் வரவில்லை. மூன்றாவதற்கு, பதிப்புரிமை முழுக்கத் தங்களிடம் என்று வந்தது.

அவருடைய தோழி ஒருவர் முந்தைய வருடம் இதே மாதிரி ஓரிடத்தில் கையெழுத்து வைத்திருந்தார். ஆய்வேடு ஒரு எழுத்தும் மாறாமல், எழுத்துப் பிழைகளோடு நூலாக வந்தது. இங்கே எந்த நூலகமும் வாங்க முடியாத விலை. பிறகு ஒரு ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பியபோது, இது ஏற்கெனவே நூலாக வெளியானது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தத் தோழி அழுததை இருவரும் பார்த்திருந்தோம். இவர் கையெழுத்து வைக்கவில்லை.

இதே மாதிரி நம்பத் தகாத ஆய்விதழ்களையும் அவற்றின் பதிப்பகங்களையும் கண்டுபிடிக்க ஒரு காலத்தில் ஜெப்ரி பீல் என்ற நூலகரின் பட்டியல் இருந்தது. 2017 ஜனவரியில் அது நின்றுபோனது. இப்போது எவரும் ஒரே பட்டியலைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. யாரும் காசு கட்டாமல் படிக்கக்கூடிய திறந்த அணுக்க ஆய்விதழ்களுக்கு டோஜ் (DOAJ) என்ற விபரத்தொகுதி இருக்கிறது, 2003இலிருந்து. அதில் ஒரு இதழ் இருக்கிறதா என்று பார்ப்பது இரண்டு நிமிட வேலை. அதைவிட நல்ல வழி, நாம் மேற்கோள் காட்டிய ஆட்கள் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்று நம்முடைய சொந்த உசாத்துணைப் பட்டியலையே எண்ணிப் பார்ப்பது. ஆய்வாளர் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினார். ஐந்தாறு இதழ்கள்தான் திரும்பத் திரும்ப வந்தன. அனுப்ப வேண்டிய இடங்கள் அவைதான்.

ஒன்பது நாளில் வந்த நிராகரிப்பு

முதலில் அவர் செய்ததைத்தான் எல்லாரும் செய்கிறோம். ஐந்தாம் அத்தியாயத்தை வெட்டி எடுத்து, முன்னால் ஒரு அறிமுகம், பின்னால் ஒரு முடிவு வைத்து அனுப்பினார். அதோடு இன்னொன்றும் செய்தார், அதைத்தான் நான் தடுத்திருக்க வேண்டும். தலைப்பிலிருந்து மட்டக்களப்பையும் கல்முனையையும் எடுத்துவிட்டு "தெற்காசிய விளிம்புப் பிரதேசம் ஒன்று" என்று போட்டார். வெளிநாட்டு ஆசிரியர் ஊர்ப் பெயரைப் பார்த்தால் படிக்கமாட்டார் என்ற பயம்.

ஒன்பதாம் நாள் பதில். மதிப்பீட்டுக்கே அனுப்பவில்லை. ஆசிரியர் எழுதியதன் சாரம் இதுதான்: விளிம்புப் பிரதேசம் மெலிந்தது என்று ஏற்கெனவே தெரியும். இந்த இடம் நமக்குப் புதிதாக எதைச் சொல்கிறது? இடத்தைப் பற்றி ஒன்றுமே இல்லையே.

அவர் இடத்தை மறைத்தார், ஆசிரியர் இடத்தைத் தேடினார். அந்தக் கடிதத்தைப் படித்த பிறகுதான் ஆய்வேட்டை முதலிலிருந்து கடைசி வரை, பின்னிணைப்புகள் உட்பட, நான் திரும்பப் படித்தேன்.

பின்னிணைப்பில் இருந்தது

புத்தாக்கத்தை அளப்பதற்கு உலகம் பெரும்பாலும் பின்பற்றுவது ஒஸ்லோ கைநூல். பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்திக்கான அமைப்பு 1992இல் முதலில் வெளியிட்டது, 2018இல் நான்காம் பதிப்பு வந்தது. அதை ஒட்டிய கணக்கெடுப்புகளில் வழக்கமாக வருகிற கேள்வியை அவர் அப்படியே தமிழாக்கி வைத்திருந்தார்: "கடந்த மூன்று ஆண்டுகளில் உங்கள் நிறுவனம் புதிய அல்லது குறிப்பிடத்தக்க அளவில் மேம்படுத்தப்பட்ட உற்பத்திப் புத்தாக்கம் எதையாவது அறிமுகப்படுத்தியதா?"

இதை எடுத்துக்கொண்டு மருதமுனைக்குப் போனார். கைத்தறிக்குப் பெயர்போன ஊர். 2004 சுனாமியில் இலங்கையிலேயே அதிக உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டம், அதிலும் இந்தக் கரை ஊர்கள் பட்ட பாடு கொஞ்சமில்லை. ஆட்களோடு தறிகளும் போயின. அதற்குப் பிறகு திரும்பத் தறி போட்ட ஒரு வீட்டில் கேள்வியை வாசித்தார். தறிக்காரர், குறுக்கு நூலை எடுத்துக்கொண்டு ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே சொன்னார்:

"நாங்க என்னத்த மகள் புதுசாக் கண்டுபிடிக்கிற? எங்கட வாப்பா நெய்த மாதிரித்தான் நானும் நெய்யிறன்."

வினாக்கொத்தில் "இல்லை" என்ற பெட்டியில் சரி போட்டார். அடுத்த வீட்டிலும் இல்லை. காத்தான்குடியில் இனிப்புப் பண்டம் செய்கிற இடத்திலும் இல்லை. அந்த வாரம் போன இடங்களில் அநேகமாக எல்லாப் பதிலும் "இல்லை". இந்தத் தாள்களை மட்டும் வைத்துப் பார்த்தால் 40 கிலோமீற்றர் கரையில் ஒரு மனிதரும் எதையும் மாற்றவில்லை.

ஆனால் அவருக்குக் கண் இருந்தது. முதல் வீட்டில் பேசிக்கொண்டிருக்கும்போதே முற்றத்தில் நூல் சுற்றுகிற ராட்டையைப் பார்த்திருந்தார். மரச் சக்கரம் இல்லை, சைக்கிள் சக்கரம். டயரைக் கழற்றிவிட்டு, ரிம்மின் பள்ளத்தில் கயிறு ஓட விட்டிருந்தார்கள். அச்சிலே ஒரு பழைய பெடல், அதுதான் கைப்பிடி. சுற்றினால் சத்தமே இல்லை. களக்குறிப்பில் அதைப் படமாக வரைந்து வைத்திருக்கிறார், கம்பிகளை எல்லாம் ஒன்று ஒன்றாக.

அடுத்த கிழமை வினாக்கொத்தைப் பையிலேயே வைத்துவிட்டு அதே வீட்டுக்குப் போய் வேறு மாதிரிக் கேட்டார். "காக்கா, சுனாமிக்குப் பிறகு தறியப் போட்டீங்களே, அப்ப செய்ததுக்கும் இப்ப செய்யிறதுக்கும் என்னென்ன மாத்தினீங்க?"

"ஓ, அதக் கேட்டா நிறையக் கிடக்கு."

நாடா நின்றது. முன்பு சாரம் மட்டும் நெய்ததாகவும் இப்போது சேலையும் மேசை விரிப்பும் நெய்வதாகவும் சொன்னார். சாயம் போகிறது என்று கடைக்காரர் குறை சொன்ன நிறங்களுக்கு மட்டும் சாயம் போட்டே வருகிற நூலை வாங்குகிறார்கள். பாவின், அதாவது தறியில் நெடுக்காகப் போடுகிற நூலின், நீளத்தைக் குறைத்துவிட்டார்கள், ஒரே டிசைன் நிறையத் தேங்காமல் இருக்க. நெய்வதற்கு முன்பே துணிக் கரையின் மாதிரியைப் போனில் படமெடுத்துக் கொழும்புக் கடைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி, "ஓம்" என்று வந்த பிறகுதான் பாவு ஓட்டுகிறார்கள். அப்புறம் அந்த ராட்டை.

இங்கேதான் விஷயம் இருக்கிறது. ஒஸ்லோ கைநூலின் வரையறைப்படி ஒரு மாற்றம் உலகத்துக்கே புதிதாக இருக்கத் தேவையில்லை. அந்த நிறுவனத்துக்குப் புதிதாக இருந்து, அது முன்பு செய்ததிலிருந்து குறிப்பிடத்தக்க அளவு வேறுபட்டால் போதும். ஆகவே தறிக்காரர் சொன்னவற்றில் அநேகமானவை அதே கைநூலின்படி புத்தாக்கம்தான். வரையறையில் கோளாறு இல்லை. கேள்வி தமிழுக்கு வந்த விதத்தில் இருந்தது. "புத்தாக்கம்" என்ற சொல் பல்கலைக்கழகத்துக்குள் பழகிய சொல். தறியடியில் அது "கண்டுபிடிப்பு" என்று கேட்டது, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் போட்டிக்குச் செய்து கொண்டுபோவது மாதிரி. "உங்கள் நிறுவனம்" என்ற சொல்லும் அப்படித்தான். வீட்டுத் திண்ணையில் இரண்டு தறி வைத்திருக்கிறவர் தன்னை நிறுவனம் என்று நினைப்பதில்லை.

அப்படியானால் இந்தப் பிரதேசம் மெலிந்தது என்று நாம் சொல்கிறபோது, உண்மையில் மெலிந்தது எவ்வளவு, கேள்வி பிடிக்காமல் விட்டது எவ்வளவு? இந்தக் கேள்வியை மருதமுனைத் தறியடியில் நின்றால்தான் கேட்க முடியும். அவரைக் கூப்பிட்டு, "பின்னிணைப்பு நான்கு இருக்கே, அதுதான் உன்னுடைய கட்டுரை" என்றேன். நீண்ட நேரம் பேசவில்லை. பிறகு, "அது நான் பிழை விட்ட இடம் மிஸ்" என்றார். அந்தப் பிழையை இவ்வளவு கவனமாக வேறு யாரும் எழுதி வைத்திருக்கவில்லை என்பதைப் புரியவைக்க எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

எழுதியதும் அனுப்பியதும்

புதுக் கட்டுரையில் ஆய்வேட்டின் வசனங்களை ஒட்டக்கூடாது என்று முதலே பேசிக்கொண்டோம். ஆய்வேடு களஞ்சியத்தில் பொதுவில் இருப்பதால், ஒப்புமை பார்க்கும் மென்பொருள் அதைப் பிடித்துக் காட்டும். முதல் முயற்சியில் மூன்றில் ஒரு பங்கு வரைக்கும் சிவப்பாக வந்ததைப் பார்த்தவர் அவர். தன்னுடைய எழுத்துத்தானே என்று வாதாடலாம், ஆனால் ஆசிரியர் மேசையில் அந்த அறிக்கை முதலில் தருவது ஒரு சந்தேகத்தை. ஆய்வேட்டை மூடி வைத்துவிட்டுக் களக்குறிப்பை மட்டும் பக்கத்தில் வைத்து எழுதினார். கட்டுரை ஆய்வேட்டிலிருந்து வளர்ந்தது என்பதை ஆசிரியருக்கான கடிதத்தில் வெளிப்படையாகச் சொன்னார்.

அனுப்பும் நேரம் 2022இன் தொடக்கம். ஒரு திறந்த அணுக்க இதழ் கேட்ட கட்டணம் 1,500 டொலர். ஒரு டொலர் 200 ரூபாயாக இருந்தபோது அது 3 இலட்சம். மே மாதம் டொலர் 360 ரூபாய் அளவுக்குப் போனபோது 5 இலட்சத்து 40 ஆயிரம். பெற்றோல் வரிசையில் நின்று வீடு போன நாட்கள் அவை. ஒரு விரிவுரையாளர் அதைக் கட்டவே முடியாது. பல பதிப்பகங்கள் எங்களைப் போன்ற நாடுகளுக்குக் கட்டண விலக்கோ கழிவோ தருகின்றன, ஆனால் அதைக் கட்டுரை அனுப்பும்போதே கேட்டுவிட வேண்டும். சந்தாவில் நடக்கிற இதழ்களில் எழுதியவர் பொதுவாக எதுவும் கட்ட வேண்டியதில்லை என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவர் அப்படியான ஒன்றுக்கே அனுப்பினார்.

ஏழு மாதம் கழித்து இரண்டு மதிப்பீடுகள் வந்தன. முதலாமவர், இது வெறும் மோசமான மொழிபெயர்ப்பின் பிரச்சினைதானே, நல்ல மொழிபெயர்ப்பாளரை வைத்தால் தீராதா என்று கேட்டிருந்தார். இவர் எழுதிய முதல் பதில் கோபமாக இருந்தது. மூன்று நாள் கிடப்பில் போடச் சொன்னேன். பிறகு எழுதிய பதில் நல்ல பதில்: சொல்லை மாற்றினால் மட்டும் போதாது, "மூன்று ஆண்டு" என்ற கால அளவே பொருந்தவில்லை. இங்கே மக்கள் காலத்தைச் சுனாமிக்கு முன், பின் என்றும், சண்டைக் காலம் என்றும்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். கேள்வியை அந்த நினைவில் தொங்கவிட்டால்தான் பதில் வருகிறது. இந்தப் பத்தி பின்பு கட்டுரைக்குள்ளேயே போனது.

இரண்டாமவர் கேட்டது இன்னும் கடினம்: நீங்கள் பிரதேசம் என்று எதைச் சொல்கிறீர்கள்? அம்பாறை 1961இல்தான் மட்டக்களப்பிலிருந்து தனி மாவட்டமானது. மருதமுனை அம்பாறையில், காத்தான்குடி மட்டக்களப்பில். புள்ளிவிபரம் மாவட்டக் கோட்டோடு நின்றுவிடும், நூலும் அரிசியும் நிற்பதில்லை. இவர் யோசித்து யோசித்துக் கடைசியில் ஊர்ச் சொல்லுக்கே வந்தார். எழுவான்கரை, படுவான்கரை. சூரியன் எழுகிற பக்கம் கடலோர ஊர்கள், சந்தையும் கடைத்தெருவும். வாவிக்கு அப்பால் சூரியன் படுகிற பக்கம் வயலும் மாடும். ஒன்றில்லாமல் மற்றது இல்லை என்ற அறிவு அந்தச் சொற்சோடியிலேயே இருக்கிறது. இரண்டு சொல்லையும் மொழிபெயர்க்காமல், ஒலிபெயர்த்து, விளக்கத்தோடு கட்டுரையில் வைத்தார். மதிப்பீட்டாளர் அடுத்த சுற்றில் அதைத் தனியாகக் குறிப்பிட்டு வரவேற்றிருந்தார். அதை வாசித்தபோது என் கண் கலங்கியது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை.

கட்டுரை 2023இல் வந்தது.

மருதமுனைக்குத் திரும்பப் போனது

வெளிவந்த கட்டுரையைத் தமிழில் ஆறு பக்கமாகச் சுருக்கி, பெரிய எழுத்தில் அச்சடித்து அவர் திரும்பவும் மருதமுனைக்குப் போனார். நானும் கூடப் போனேன். தறிக்காரர் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்க, மனைவி தாளை வாங்கி வாசித்தார். இரண்டாம் பக்கத்தில் மாற்றங்களின் அட்டவணை. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதைச் செய்தவர். ராட்டைக்கு எதிரே "தறி உரிமையாளர், ஆண்" என்று இருந்தது.

"அது இவர் செஞ்சதில்ல மகள். அந்தச் சக்கரம் என்ட மகன்ட பழைய சைக்கிள்ட. நான்தான் கழட்டிப் பூட்டின."

தறிக்காரர் தலையை ஆட்டினார். "ஓம், அது அவதான்."

அன்று இரவு ஆய்வாளர் பழைய ஒலிப்பதிவைத் தேடி எடுத்தார். தறிக்காரர் பேசிக்கொண்டிருக்க, பின்னால், ராட்டையடியிலிருந்து, ஒரு பெண் குரல் இரண்டு தடவை "நான்தான் பூட்டின" என்கிறது. எழுத்தாக்கும்போது பேட்டி கொடுத்தவரின் குரலை மட்டும் எழுதியிருந்தார். அது அவர் குறை மட்டும் இல்லை. அந்த எழுத்தாக்கத்தை நானும் பார்த்திருந்தேன், வரைவை முதலில் ஊருக்குக் கொண்டுபோய் வாசித்துக் காட்டிவிட்டு அனுப்புவோம் என்று எனக்கும் தோன்றவில்லை.

இதழின் ஆசிரியருக்கு எழுதினார். திருத்தக் குறிப்பு ஒன்று வெளியானது, மூன்று வரி. கட்டுரையின் வாதம் மாறவில்லை, அட்டவணையில் ஒரு சொல் மாறியது. தமிழ்ச் சுருக்கத்தின் மிச்சப் பிரதிகளில் அந்த இடத்தைக் கையாலேயே திருத்தினோம்.

இப்போது அவர் எல்லா ஒலிப்பதிவுகளையும் முதலிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், தறிச் சத்தத்துக்குப் பின்னால் யார் யார் என்ன சொல்கிறார்கள் என்று.